ரெட்மி ஏ4 5ஜி: விலையைப் பார்க்கும் முன் சிம்மைப் பாருங்கள்

2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த இந்தியா மொபைல் காங்கிரஸில் சியோமியும் சிப் வடிவமைக்கும் குவால்காமும் சேர்ந்து ஒரு போனைக் காட்டின. பத்தாயிரம் ரூபாய்க்குள் ஸ்னாப்டிராகன் சிப் கொண்ட 5ஜி போன் வரப்போகிறது என்பது அறிவிப்பு. சொன்னபடி நவம்பர் 20-ஆம் தேதி ரெட்மி ஏ4 5ஜி அறிமுகமானது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் உள்ளது 8,499 ரூபாய். 128 ஜிபி ஸ்டோரேஜ் உள்ளது 9,499 ரூபாய். இரண்டும் அறிமுக விலை. கடைக்கும் பண்டிகைக் காலத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும்.

இந்த விலையில் இவ்வளவு பெரிய திரையும், வேகமான ஸ்டோரேஜும், பெட்டிக்குள்ளேயே சார்ஜரும் தருவது நல்ல விஷயம்தான். ஆனால் இந்தப் போனை வாங்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது கேமராவோ ரேமோ அல்ல. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சிம் எந்த நிறுவனத்துடையது என்பதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

5ஜி சேவை இரண்டு முறைகளில் வருகிறது. ஒன்று எஸ்.ஏ., அதாவது தனித்து நிற்கும் 5ஜி. கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசையும் 5ஜி, பின்னால் இருக்கும் மைய வலையமைப்பும் 5ஜி. இன்னொன்று என்.எஸ்.ஏ., அதாவது தனித்து நிற்காத 5ஜி. அதில் மைய வலையமைப்பு 4ஜிக்கு உரியது. போன் முதலில் 4ஜி கோபுரத்தோடு இணைந்து, அந்தப் பிடிமானத்தை விடாமலேயே 5ஜி அலையையும் கூடச் சேர்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் திறன் போனின் மோடத்தில், அதாவது சிக்னலைக் கையாளும் பகுதியில், இருந்தால்தான் இது நடக்கும்.

ரெட்மி ஏ4-இல் அந்தத் திறன் இல்லை. இது எஸ்.ஏ. மட்டும் ஆதரிக்கும் போன். ஜியோ 2022-இல் தொடங்கியதிலிருந்தே எஸ்.ஏ. முறையில் 5ஜி தருகிறது, ஆகவே ஜியோ சிம் போட்டால் 5ஜி வரும். ஏர்டெல் தன் கைப்பேசிச் சேவையை என்.எஸ்.ஏ. முறையில் கட்டியெழுப்பியது. என்.எஸ்.ஏ. சேவை மட்டும் உள்ள இடத்தில் அந்தச் சிம்மை இதில் போட்டால் 4ஜியோடு நின்றுவிடும். அழைப்புகள் தெளிவாகப் போகும், இணையமும் வரும், ஆனால் மேலே 5ஜி என்ற குறி தோன்றாது. மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேகம் குறைவதோடு இது முடிவதில்லை, பணத்தையும் தொடுகிறது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு, நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் திட்டங்களில்தான் வரம்பில்லா 5ஜி என்று ஜியோ, ஏர்டெல் இரண்டுமே மாற்றின. அந்த வரம்பில்லாச் சலுகை 5ஜியில் இணைந்திருக்கும்போது மட்டுமே. ஏ4-இல் ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் அதே திட்டத்துக்கு அதே பணத்தைக் கட்டிவிட்டு, நாளின் 2 ஜிபி தீர்ந்ததும் நின்றுவிடுவார். 5ஜிக்காகவே புதுப் போன் வாங்கும் வீட்டில் இது பெரிய ஏமாற்றம். பெட்டியிலும் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் 5ஜி என்று போடும் நிறுவனம், எஸ்.ஏ. மட்டும் என்பதை அடிக்குறிப்பில் வைத்தது சரியல்ல.

ஜியோ சிம் போட்டும் 5ஜி வரவில்லை என்றால் மூன்று இடங்களில் பாருங்கள். செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதிக்குள் போய், விருப்ப வலையமைப்பு வகையில் 5ஜி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ரீசார்ஜ் திட்டம் 5ஜிக்குத் தகுதியானதா என்பது அடுத்தது. இரண்டும் சரி என்றால் சிக்கல் சிக்னலில் இருக்கலாம். டயலரில் *#*#4636#*#* அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் போன் தகவலுக்குள் சென்றால், இணைய இணைப்பு எந்த வகையில் இருக்கிறது என்று தெரியும். ஜியோவிடம் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 700 மெகாஹெர்ட்ஸும் இருக்கிறது. முன்னது வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவருக்குள் நுழையத் திணறும். பின்னது வேகத்தில் குறைவு, வீட்டுக்குள் நன்றாக இறங்கும். ஏ4 இரண்டையும் பிடிக்கும். அதனால் அடுக்கு மாடியின் உள்ளறையில் 5ஜி குறி இருந்தும் வேகம் மொட்டை மாடியில் வருவது போல வராவிட்டால் போனைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி போனைக் கையில் எடுப்போம். எடுத்ததும் தெரிவது அதன் அளவு. 6.88 அங்குலத் திரை, 77.8 மில்லிமீட்டர் அகலம், 212 கிராம் எடை. சராசரிக் கைக்கு ஒரு கையால் மேல் மூலையைத் தொட முடியாது. செட்டிங்ஸில் ஒற்றைக் கை முறையை இயக்கிக்கொண்டால் திரை கீழிறங்கி வரும். பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போன் பார்ப்பவர்களுக்கு அது அவசியம். தடிமன் 8.2 மில்லிமீட்டர்தான் என்பதால் அளவு பெரிதாக இருந்தாலும் பருமனாகத் தெரியாது. பின்புறம் கண்ணாடி, நடுவில் பெரிய வட்டமாகக் கேமராத் தொகுதி. பார்ப்பதற்கு விலையை விட ஓரிரு படி மேலாகத் தெரிகிற வடிவம். ஆனால் கண்ணாடி வழுக்கும், கைரேகை படியும், கீழே விழுந்தால் உடையும். ரப்பர் போன்ற மெல்லிய பேக் கேஸ் ஒன்றைப் போன் வாங்கும் அன்றே போடுங்கள். விளிம்பு கேமரா வட்டத்தை விடச் சற்று உயர்ந்த கேஸாகப் பார்த்து வாங்கினால் மேசையில் வைக்கும்போது லென்ஸ் உரசாது.

கைரேகை உணரி வலப்பக்கப் பவர் பட்டனிலேயே இருக்கிறது. வேகமாகத் திறக்கும். எண்ணெய் தொட்ட விரல், வேலை செய்து தேய்ந்த விரல் என்றால் அடிக்கடி மறுக்கும். அதே பெருவிரலை இரண்டு தனி ரேகைகளாகப் பதிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். 3.5 மில்லிமீட்டர் இயர்போன் துளை இருக்கிறது. சார்ஜ் ஏறும்போதே வயர் இயர்போனில் கேட்கலாம் என்பது ஆன்லைன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்மையான வசதி.

ஐ.பி.52 என்ற தரச் சான்று பற்றி ஒரு தெளிவு தேவை. இதில் 5 என்பது தூசி பெரிதாக உள்ளே போகாது என்பதைக் குறிக்கும். 2 என்பது, போன் 15 டிகிரி வரை சாய்ந்திருக்கும்போது மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும் என்பதை மட்டும் குறிக்கும். தூறலில் ஓர் அழைப்பை எடுத்துப் பேசலாம். குழாயடியில் கழுவவோ, அடைமழையில் வண்டியின் ஹோல்டரில் மாட்டி ஓட்டவோ இது உரிமம் இல்லை. ஒரு முறை கடையில் பிரித்துவிட்டால் ஓரத்துப் பசை விட்டுப்போகும். அதன் பிறகு அந்த 2-ஐயும் நம்பக் கூடாது.

திரை 720க்கு 1640 புள்ளிகள் கொண்ட எல்.சி.டி. இவ்வளவு பெரிய பரப்பில் அத்தனை புள்ளிகளைப் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 260 வருகிறது. ஒப்பிட வேண்டுமானால், அதே நிறுவனத்தின் ரெட்மி 12 5ஜியில் முழு எச்.டி. திரை என்பதால் 396. இந்த வேறுபாடு படங்களிலும் வீடியோவிலும் அவ்வளவாகக் கண்ணில் படாது. எழுத்தில்தான் படும், அதிலும் தமிழ் எழுத்தில் கூடுதலாக. ணை, ஞ, ளூ போன்ற எழுத்துகளின் சுழிகளும், மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் சிறிய அளவில் காட்டப்படும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். செய்தித்தாளின் மின்பதிப்பைப் பக்கமாகவே திறந்து படிப்பவர்கள் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியில் எழுத்தின் அளவை ஒரு படி கூட்டி, எழுத்தின் தடிப்பையும் சற்று ஏற்றிவிட்டால் வாட்ஸ்அப், செய்திச் செயலிகள் எல்லாம் சுகமாகப் படிக்க வரும். பெரிய திரை என்பதால் எழுத்தைக் கூட்டினாலும் இடம் போதும். வயதான பெற்றோருக்கு வாங்கித் தருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

120 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகம் உண்டு. பக்கங்களை நகர்த்தும்போது வழவழவென்று ஓடும். ஆனால் அது திரையின் வேகம். செயலி திறக்கும் வேகம் சிப்பைப் பொறுத்தது. பேட்டரி நீண்டு வர வேண்டும் என்பவர்கள் 60-க்கு மாற்றிவிடலாம், பெரிய இழப்பு இல்லை. வெளிச்சம் உச்சத்தில் 600 நிட்ஸ் என்கிறது நிறுவனம். நிழலில் போதும், உச்சிவெயிலில் நின்று யு.பி.ஐ. தொகையைப் பார்க்கக் கையால் மறைக்க வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பது 4 நானோமீட்டரில் செய்த ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2. இரண்டு பெரிய கோர்களும் ஆறு சிறிய கோர்களும், உச்ச வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். வரைபடம், வங்கிச் செயலி, யூடியூப், வாட்ஸ்அப், பள்ளிக் கூட்டங்களுக்கான வீடியோ அழைப்பு இவற்றுக்கெல்லாம் தாராளம். கிராபிக்ஸ் அதிகம் கேட்கும் விளையாட்டுகளைக் குறைந்த தரத்தில் வைத்தால் ஓடும். விளையாட்டுக்காகவே போன் வாங்குகிறவர்களுக்கு இது அல்ல.

பாராட்ட வேண்டியது ஸ்டோரேஜை. இந்த விலையில் பல போன்கள் இன்னும் இ.எம்.எம்.சி. என்ற பழைய வகைச் சிப்பைப் போடுகின்றன. அதில் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் முடியாது. பின்னணியில் பத்துச் செயலிகள் புதுப்பிக்கப்படும்போது போன் உறைந்து நிற்பது பெரும்பாலும் அதனால்தான். ஏ4-இல் யு.எஃப்.எஸ். 2.2. படிப்பதும் எழுதுவதும் கூடவே நடக்கும். இரண்டு ஆண்டு கழித்து இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

64 ஜிபியைத் தொடாதீர்கள். இயங்குதளமும் முன்பே ஏற்றி வரும் செயலிகளும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களின் வீடியோக்கள் மீதியை நிரப்பிவிடும். ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிறைந்தால் எழுதுவதற்குக் காலியான தொகுதிகள் இல்லாமல், ஒவ்வொரு முறையும் பழையதை இடம் மாற்றிவிட்டு எழுத வேண்டியிருக்கும். போன் மந்தமாகிவிட்டது, சிப் சரியில்லை என்று சொல்லப்படும் பல புகார்களின் வேர் இங்கேதான். ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போட்டு 128 ஜிபி எடுங்கள், அதிலும் பத்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக வையுங்கள். மெமரி கார்டு போடலாம். ஆனால் படமும் பாட்டும் வைக்கத்தான் அது உதவும், செயலிகளின் சுமையைக் குறைக்காது.

ரேம் 4 ஜிபிதான். கூடுதலாக 4 ஜிபி சேர்த்து 8 ஜிபி என்று விளம்பரத்தில் வருவது மெய்நிகர் ரேம்: ஸ்டோரேஜில் ஓர் இடத்தை ஒதுக்கி, பயன்பாட்டில் இல்லாத செயலிகளை அங்கே தள்ளி வைப்பது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது. வரைபடத்தையும் அழைப்பையும் உலாவியையும் மாறி மாறித் திறந்தால், பின்னால் விட்ட பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். 64 ஜிபி மாடலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்த வசதியை நிறுத்திவிட்டு இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

பேட்டரி 5,160 மில்லியாம்பியர் மணி. சாதாரணப் பயன்பாட்டில் ஒரு முழு நாள் கவலையின்றி ஓடும். குறைவாகப் பார்ப்பவர்களுக்கு மறுநாள் மதியம் வரைகூட வரும். பெட்டியில் 33 வாட் சார்ஜர் தருகிறார்கள், போன் எடுத்துக்கொள்வதோ 18 வாட்தான். எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்வது போனுக்குள் இருக்கும் சுற்று, ஆகவே 33-ஐப் பார்த்து ஒரு மணி நேரத்தில் நிரம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பேட்டரியின் ஆற்றல் சுமார் 20 வாட் மணி. கடைசி 20 சதவீதத்தில் மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் ஏற்றுவார்கள் என்பதால் முழுதாக நிரம்ப இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சார்ஜர் சுவரிலிருந்து விலகித் தொங்கும் தளர்ந்த பிளக்கும், மடங்கி நைந்த கேபிளும்தான் மெதுவாக ஏறுவதற்கான வழக்கமான காரணங்கள். கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, டைப்-சி துளைக்குள் படிந்த பஞ்சைப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்துப் பாருங்கள். போனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும், ஊசி கூடாது. அதற்கும் சரிவராவிட்டால்தான் சார்ஜிங் போர்டை மாற்றும் பேச்சு.

மென்பொருளில்தான் பொறுமை வேண்டும். ஆண்ட்ராய்டு 14 மீது சியோமியின் ஹைப்பர் ஓ.எஸ். ஓடும் நிலையில் இது அறிமுகமானது. இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் நான்கு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்; இந்த விலைக்கு அது நல்ல வாக்கு. கூடவே வேண்டாத செயலிகளும் விளம்பரங்களும் வருகின்றன. முதல் நாளே அரை மணி நேரம் ஒதுக்கிச் சுத்தம் செய்துவிட வேண்டும். போனைத் தொடங்கும் படிகளில் செயலிகளைப் பரிந்துரைக்கும் பக்கம் வரும். எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் கடவுச்சொல், பாதுகாப்பு பகுதிக்குள் அனுமதி வழங்கல், திரும்பப் பெறல் என்ற இடத்தில் எம்.எஸ்.ஏ. என்று ஒன்று இருக்கும். விளம்பரங்களைக் கொண்டுவரும் சேவை அது. நிறுத்தினால் பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும், பிறகு முடியவில்லை என்றும் சொல்லும். விடாமல் மறுபடி செய்யுங்கள், இரண்டு மூன்று முறையில் நின்றுவிடும். தனியுரிமைப் பகுதியில் தனிப்பட்ட விளம்பரப் பரிந்துரையையும் அணைத்துவிடுங்கள். பூட்டுத் திரையில் நாள்தோறும் படம் மாற்றும் வசதியும், போனோடு வரும் சியோமியின் செயலிக் கடை அறிவிப்புகளும் அடுத்து. முன்பே ஏற்றி வந்த விளையாட்டுகளையும் கடைச் செயலிகளையும் விரலால் அழுத்திப் பிடித்து நீக்கலாம். இதைச் செய்யாமல் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டால், எந்த அறிவிப்பு வங்கியிலிருந்து வந்தது, எது விளம்பரம் என்று பிரித்தறிய முடியாமல் தவிப்பார்கள்.

கேமராவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்புற வட்டத்தில் பல வளையங்கள் தெரிந்தாலும் படம் எடுப்பது ஒரே ஒரு 50 மெகாபிக்சல் கேமராதான். நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத் தரும், அப்படியே விடுவது நல்லது. பகல் வெளிச்சத்தில் முகமும் ஆவணமும் தெளிவாக வரும், கியூ.ஆர். ஸ்கேன் விரைவாகப் பிடிக்கும். கை நடுக்கத்தை ஈடுகட்டும் லென்ஸ் அமைப்பு இல்லாததால் மாலை நேரத்தில் போனை இரு கையால் பிடித்து, அழுத்திய பின் ஒரு நொடி அசையாமல் இருக்க வேண்டும். முன் கேமரா 5 மெகாபிக்சல். டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோ அழைப்பில் முகம் புள்ளி புள்ளியாகத் தெரியும். திருமண மண்டபத்துக்கு இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

சரி, ஏர்டெல் சிம் வைத்திருப்பவர் எதை வாங்குவது? 2025 ஜனவரியில் வந்த ரெட்மி 14சி 5ஜியைப் பாருங்கள். அதே 6.88 அங்குலத் திரை, அதே பேட்டரி, அதே 18 வாட். சிப் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 என்பதால் எஸ்.ஏ., என்.எஸ்.ஏ. இரண்டும் உண்டு. 4 ஜிபி, 128 ஜிபி மாடல் அறிமுகத்தில் 10,999 ரூபாய், ஏ4-ஐ விட 1,500 கூடுதல். மூன்று ஆண்டு பயன்படுத்தப்போகும் போனில் அந்த 1,500 வீண் போகாது. நாளை சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நினைத்தாலும் கை கட்டப்பட்டிருக்காது. போக்கோ சி75 5ஜி 7,999-க்கு வந்ததே என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்: உள்ளே அதே 4எஸ் ஜென் 2, அதே எஸ்.ஏ. கட்டுப்பாடு. ஜியோ சிம் மட்டும் வைத்திருப்பவருக்கு ஏ4-இன் 128 ஜிபி மாடலே போதும்.

திரை உடைந்தால் இது எல்.சி.டி. என்பதால் காம்போ (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த தொகுதி) விலை, விலை கூடிய திரை வகையான அமோலெட் கொண்ட போன்களை விடக் குறைவாகவே இருக்கும். உள்ளூர்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் நகல் காம்போவில் வெளிச்சம் மங்கும், ஓரத்தில் தொடுதல் வேலை செய்யாது, சில நாளில் யாரும் தொடாமலேயே தொட்டது போல இயங்கத் தொடங்கும். மாற்றிய உடனே கடையிலேயே நின்று, ஒரு செயலியின் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுத்துப் பாருங்கள். வழியில் எங்காவது நழுவி விழுந்தால் அந்தக் காம்போவை ஏற்காதீர்கள்.

வாங்கும்போது சீல் உடையாத பெட்டியாகக் கேளுங்கள். திறந்ததும் *#06# அழுத்தி வரும் ஐ.எம்.இ.ஐ. என்ற போனின் அடையாள எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், பில்லில் எழுதிய எண்ணும் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் போன் உண்மையானதா என்று காட்டும். போனுக்கு ஓர் ஆண்டு உத்தரவாதம், பெட்டியில் வரும் சார்ஜருக்கும் கேபிளுக்கும் ஆறு மாதம். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், சர்வீஸ் சென்டரில் அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.